துத்தி இலை மூட்டையும் பத்து வண்டுகளும்

மூடியைத் திறந்தபோது பத்து வண்டுகளும் மல்லாந்து கிடந்தன.

உடனே நம்பிவிடவில்லை. பயறு வண்டுக்கு நடிப்பு நன்றாக வரும். தொட்டால் காலையெல்லாம் மடக்கிக்கொண்டு செத்தது மாதிரி கிடக்கும். நாம் சற்று அசந்தால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். அதனால் பெயின்ட் பிரஷ் நுனியால் ஒவ்வொன்றையும் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

அடுத்த தட்டிலும் பத்துக்குப் பத்து. அதற்கடுத்த தட்டிலும் அப்படியே. சாறு தடவாத பயறு போட்டிருந்த தட்டில் மட்டும் வண்டுகள் ஜோராக நடந்துகொண்டிருந்தன. நான் குதித்து இறங்கிய வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. "மேடம், அன்னீ சச்சிபோயினாயி மேடம்!" என்று தெலுங்கில் கத்திக்கொண்டே வராந்தாவில் ஓடினேன். எல்லாம் செத்துப்போச்சு என்று ஒரு பெண் வாயெல்லாம் பல்லாக ஓடுவதைப் பார்த்து, மகனைக் கல்லூரியில் சேர்க்க வந்திருந்த ஒருவர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு என் மகள் பவி பெங்களூரிலிருந்து போனில் சண்டைக்கு வந்தாள். "சாம்பாருக்கு ஒரு வாரம் குடுத்துட்ட. எனக்கு எப்பம்மா?" என்றாள். நியாயமான கேள்விதான். இது அவளுடைய வாரம். நான் திருப்பதியில் செத்த வண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் பாலசமுத்திரத்தில், அவள் அப்பாவோடு இருந்தாள்.

வண்டு வளர்த்த கதை

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருந்துச் செடிகளின் இலையை நிழலில் காயவைத்துப் பொடிக்க வேண்டும். கண்ணாடிக் கருவியில் போட்டு, அசிட்டோன் ஊற்றிக் கொதிக்கவிட்டுச் சாற்றை இறக்க வேண்டும். அந்தச் சாற்றைப் பச்சைப்பயறின்மேல் பூசி, அதில் வண்டுகளை விட்டு, எத்தனை நாளில் எத்தனை சாகிறது என்று எண்ண வேண்டும்.

அந்தக் காலத்தில் இதற்குத் திடீரென்று ஒரு மவுசு வந்திருந்தது. வேம்புக்கு வெளிநாட்டில் யாரோ காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்று பேப்பரில் எல்லாம் பேச்சு. ஹைதராபாத்தில் புதுப்புதுக் கம்பெனிகள் திறந்து, உங்களிடம் என்ன செடி இருக்கிறது என்று எங்கள் துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கொல்வதற்கு முன்னால் வளர்க்க வேண்டும். என் நேரமெல்லாம் அதில்தான் போனது. பாட்டில் பாட்டிலாகப் பச்சைப்பயறு. வாயில் மல் துணி, அதன்மேல் ரப்பர் பேண்ட். பயறின்மேல் வெள்ளைப் பொட்டாக முட்டை ஒட்டியிருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்துப் பயறில் ஓட்டை போட்டுக்கொண்டு வண்டு வெளியே வரும். சோதனைக்கு ஒரே நாளில் பிறந்தவை வேண்டும் என்பதால் நேற்றுப் பிறந்ததையும் இன்று பிறந்ததையும் தினம் தினம் பிரித்து வைப்பேன். எறும்பு வராமல் மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்க நாகம்மா என்று ஒருவர் வருவார். ரேணிகுண்டாக்காரர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒன்றாகக் கலந்து வரும். என்னைக் கூப்பிடுவது 'தல்லி', அதாவது அம்மா, என்றுதான். ஒருநாள் நான் பாட்டில்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா தல்லி நீ! பெத்த பிள்ளைய ஊர்ல வுட்டுட்டு வந்து இங்க வண்டு வளத்துகினு இருக்கியே," என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பவி நைனா

என் கணவர் பெயர் முனிரத்தினம். பெயரை இப்போது எழுதத்தான் முடிகிறது. வாயால் நான் கூப்பிட்டதெல்லாம் 'பவி நைனா' என்றுதான். நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. கோபம் வந்தால் 'யோவ்' என்பேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

என் வீட்டிலும் சரி, அவர் வீட்டிலும் சரி, பெரியவர்கள் காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அவர் தலைமுறையில்தான் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வந்தது. அதில் வேர்க்கடலையும் பச்சைப்பயறும் போடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. அவர் பத்தாவதோடு நின்றுவிட்டார். நான் நிற்கத் தெரியாமல் படித்துக்கொண்டே போனேன்.

ஒரு வருட எம்.ஃபில். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தபோது பவி கைக்குழந்தை. அவளுக்கு ஒரு வயது ஆகும்வரை தள்ளிப்போட்டேன். அதற்கு மேல் தள்ளினால் இடம் போய்விடும். அந்த வருடங்களில் எங்கள் ஊர் ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளோடு ஊரில் இருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் எல்லாம் தலைகீழ். ஊரே ஆளுக்கொரு நியாயம் சொன்னது. அவர் மட்டும் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"நீ போய் படிச்சிகினு வா. நான் இன்னா, கொழந்தைய துன்னுடுவனா?"

எங்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. சித்தூரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் கல்லூரியில், நான் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஜூனில் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் சித்தூருக்குப் போய் வீடுகூடப் பார்த்துவிட்டு வந்தார். எத்தனை அறை, தண்ணீர் வருமா என்றெல்லாம் நான் கேட்டேன். "வாசல்ல ஒரு முருங்க மரம் இருக்குது," என்றார். அந்த மரத்தடியில் பவி விளையாடுவதை நான் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மூட்டை இலை

துத்தியை நான் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்கள் வரப்பில் அது மண்டிக் கிடந்தது. மெத்தென்ற இலை, சாயங்காலம் விரியும் மஞ்சள் பூ, சக்கரம் மாதிரி காய். மூலத்துக்கு அந்த இலையை வதக்கிச் சாப்பிடுவார்கள். வண்டுமேல் அதை யாரும் சோதித்துப் பார்த்ததாக எங்கள் துறையில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் எடுத்துக்கொண்டேன்.

இலையைப் பறித்து, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவது பவி நைனாவின் வேலை. புத்தூரில் பஸ் மாறி மூட்டை திருப்பதிக்கு வந்து சேரும்.

முதல் மூட்டையைப் பிரித்தால் சல்லடை. இலையில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மீதியில் பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. பூச்சி ஆசையாகத் தின்ற இலையால் பூச்சி எப்படிச் சாகும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரிக்கு அது தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, எங்கள் ஊர் டீக்கடைக்குப் போன் போட்டு, அவரைக் கூப்பிடச் சொன்னேன். வயலிலிருந்து மூச்சு வாங்க வந்து நின்றார்.

"யோவ், பூச்சிய சாவடிக்கப் போற எலையில பூச்சியையே வெச்சு அனுப்பி இருக்கியே! ஒரு மூட்ட எலைய உன்னால காப்பாத்த முடியாதா?"

கடையில் டம்ளர் கழுவும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "பாப்பாக்கு 'எல'ன்னு சொல்ல வருதுமே."

போனை வைத்துவிட்டேன். பூத்துக்காரர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

இரண்டாவது மூட்டை ஒரு மாதம் கழித்து வந்தது. மருந்துக்கும் ஒரு பூச்சி இல்லை. இலை பச்சை மாறாமல் மொறுமொறுவென்று இருந்தது. அந்த மூட்டையில் இறக்கிய சாறுதான் பத்துக்குப் பத்து வண்டுகளைக் கொன்றது.

பாட்டிலுக்குள் ஒரு வாசனை

அசிட்டோன் ஆவியாகிப் போனபின் பாட்டிலின் அடியில் கரும்பச்சையாக ஒரு விழுது நிற்கும். அதைத் திறக்கும்போதெல்லாம் காரமும் இனிப்பும் கலந்த ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறியதும் பவி வந்துவிடுவாள். அவள் கழுத்து மடிப்பு, உள்ளங்கை, அவளைக் குளிப்பாட்டிய துண்டு எல்லாம் வரும். பால் வற்றிப் பல மாதம் ஆகியும் மார்பு கனக்கும்.

ஏக்கம் முற்றி எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்றுதான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலை இல்லாத நேரத்திலும் திருட்டுத்தனமாகப் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பேன்.

ஒருநாள் நாகம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்து நின்று, மூக்கை உறிஞ்சினார். "எவரம்மா இக்கட சண்டிபில்லனு தெச்சிந்தி?" என்றார். இங்கே கைக்குழந்தையைக் கொண்டுவந்தது யார் என்று கேட்கிறார். வழக்கம்போல் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் மேடமும் ஒருமுறை கேட்டார். அவர்தான் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. அளந்து பேசுகிற தெலுங்குக்காரப் பெண்மணி. பாட்டிலை முகர்ந்துவிட்டு, "துத்திக்கு இப்படி ஒரு வாசனை உண்டா?" என்றார்.

"எங்க ஊர் மண்ணு அப்படி மேடம்," என்று சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவுகள் மேலும் மேலும் நன்றாக வந்தன. முதலில் வண்டு செத்தது. பிறகு அந்தப் பயறில் இட்ட முட்டைகளும் பொரிக்கவில்லை. கட்டுரை டைப் அடித்தாகிவிட்டது. மேடம் அதை ஹைதராபாத் கருத்தரங்கில் படிக்கப்போகிறார். அங்கேயிருந்த ஒரு கம்பெனி மாதிரிச் சாறு கேட்டிருந்தது. சித்தூர்க் கல்லூரியிலிருந்து, ஜூன் நிச்சயம்தானே என்று விசாரித்துக் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் நேரில் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

விளக்கு வைத்த பிறகு

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு, களத்தில் காய்ந்த விதைப்பயறைத் தகர டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார். பவி என்னைப் பார்த்ததும் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெற்ற தாயைப் பார்த்து ஒளிகிற பிள்ளையின் முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பையிலிருந்த லட்டைக் காட்டித்தான் பக்கத்தில் வரவழைத்தேன்.

தூக்கினேன். அவள் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாசனை. காரமும் இனிப்பும். என் பாட்டிலில் இருக்கிற அதே வாசனை.

கையைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புத் துண்டுகளைக் கோத்து மணிக்கட்டில் கட்டியிருந்தது. அவள் பிறந்த பதினோராம் நாள் கட்டியது, அறுந்து போக மறுபடி கோத்துக் கட்டியிருக்கிறார்.

"யோவ், ரெண்டாவது மூட்டையில இன்னா போட்ட?"

"ஏன், பூச்சி கீச்சி இருந்துதா?"

"இல்ல. இன்னா போட்டன்னு கேக்குறேன்."

அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளக்கு வெச்சாச்சே. காத்தால சொல்றேன்," என்றார்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வசம்பின் பெயரை விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கம் சொல்ல மாட்டோம். கடையில் கேட்பதென்றாலும் 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்போம். பிறந்த பிள்ளையின் கையில் அதைக் கட்டுவார்கள். வயிறு உப்பினால் சுட்டு உரைத்துப் பூசுவார்கள். விதைத் தானியத்தில் பூச்சி விழாமலிருக்க அதை இடித்துத் தூவி வைப்பார்கள். பிள்ளைக்கும் விதைக்கும் ஒரே காவல். விலங்கியலில் முதுகலை வாங்கிய நானும் அன்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. குழந்தையின் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"அதேதான்," என்றார். "இடிச்சி நாலு கை தூவி, மூட்டைய நல்லா குலுக்கிட்டு கட்டினேன். வெதைக்கு போடற மாதிரியே. நீதான் அன்னிக்கி அவ்ளோ கோவமா பேசிட்டியே."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. வண்டு செத்த செய்தியைத்தான் நான் முன்பே போனில் கத்திச் சொல்லியிருந்தேனே.

"இந்தா, துத்தி அவ்ளோ நல்லா கேக்குதுன்ற. இந்த தபா வெதப்பயித்துக்கு அதையே போட்டுடறேன். இன்னாத்துக்கு கடை கடையா தேடிகினு அலையணும்? நம்ம வரப்புலயே கெடக்குது."

சொல்லிவிட்டு டிரம்மின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு விதை மொத்தமும் அந்த ஒரு டிரம்தான். துத்தியை நம்பிப் போட்டால் விதைப்பதற்குள் எல்லாம் மாவாகிவிடும். நான் சொன்னேன் என்பதற்காகவே அவர் போடுவார். உலகத்தில் என் ஆராய்ச்சியை முதலில் நம்பப்போகிறவர் அவர்தான்.

"வேணாம்," என்றேன். "இந்த வருசம் பழயபடியே போடு. இன்னும் கொஞ்சம் பாக்க வேண்டியது இருக்குது."

சொல்லாமல் இருந்திருக்கலாம்

மறுநாள் காலையில் சோப்புப் போட்டு மூன்று முறை கையைக் கழுவிவிட்டு, நானே வரப்பில் இறங்கி ஒரு பை துத்தி பறித்தேன். பவி உடன் வர அடம்பிடித்தாள். அவளைத் தூக்காமல் விரட்டினேன். இரண்டு நாள் லீவை ஒரே நாளில் முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உண்மையை எழுதுகிறேன். புத்தூர் தாண்டியதிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த மூட்டை இலை தீர்ந்துவிட்டது. ஜூனில் சித்தூர், முருங்கை மரம், பக்கத்தில் பவி. வாயைத் திறந்தால் இலை பறிப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். குறைந்தது பத்து மாதம். பத்து மாதத்தில் ஒரு பிள்ளையே பெற்றுவிடலாம். ரேணிகுண்டா வருவதற்குள் சொல்ல வேண்டாம் என்று மூன்று முறையும், சொல்லிவிடுவது என்று மூன்று முறையும் முடிவு செய்தேன். டிரம்மின்மேல் இருந்த அவர் கை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

முதலில் எனக்கே தெரிய வேண்டும். நான் பறித்த துத்தியை உலர்த்திச் சாறு இறக்கினேன். கோயில் தெருவில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், உச்சி வெயில் வேளையில், பெயரைச் சொல்லியே வசம்பு வாங்கி அதிலும் சாறு இறக்கினேன். இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்து வண்டுகளை விட்டேன். மூன்றாம் நாள் வசம்புத் தட்டில் பத்தும் செத்திருந்தன. துத்தித் தட்டில் ஒன்றே ஒன்று செத்திருந்தது. மற்ற ஒன்பதும் பயறு பயறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மேடம் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். ஹைதராபாத் டிக்கெட் மேஜைமேல் கிடந்தது.

"வேறு யாரிடமாவது சொன்னாயா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"இல்லை மேடம்."

சொல்லாதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட மாட்டாரா என்று ஆசையும் பட்டேன். அவர் கட்டுரையை எடுத்து, முதல் பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"மள்ளீ செய்யி," என்றார். மறுபடி செய். "பழைய சாறு மொத்தத்தையும் கொட்டிவிடு."

நான் கதவருகே போனதும் கூப்பிட்டார். "பாப்பாவுக்கு எத்தனை வயது?"

"ரெண்டு ஆகப்போகுது மேடம்."

அவர் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூத்திலிருந்து ஊருக்குப் போன் செய்தேன். "இனிமே மூட்டையில எதுவும் போடாதய்யா," என்றேன்.

"அதாலதான் செத்துதா?"

"ஆமா."

"அப்ப துத்தி?"

"அதுல ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் மொதல்ல இருந்து செய்யணும், பத்து மாசம் ஆவும்."

"அப்ப நான்தான் கெடுத்துட்டனா?"

"நீ கெடுக்கல. நான்தான் அன்னிக்கி வாய்க்கு வந்தபடி..." பூத்தின் கண்ணாடிக்கு வெளியே நான்கு பேர் வரிசையில் நிற்க, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழுவாதமே," என்றார். "பத்து மாசம்தான? ரெண்டு தபா கடலை புடுங்கறதுக்குள்ள ஓடிடும்."

"சித்தூர் ஊடு?"

"அது எங்க போவுது? ஊடு இல்லன்னா வேற ஊடு. நாம போறதுக்குள்ள முருங்க இன்னும் கொஞ்சம் பெருசாவும்."

மூன்றாவது மூட்டை

மூன்றாவது மூட்டை வந்தபோது அதன் வாயில் ஒரு கடிதம் செருகியிருந்தது. தெலுங்கு எழுத்தில் தமிழ். எங்கள் எல்லைக்காரர்கள் பலரும் கடிதம் எழுதுவது அப்படித்தான். அதை இங்கே அப்படியே தருகிறேன்.

'எதுவும் போடல. தெனமும் மத்தியானம் எலைய பரப்பி, ஒண்ணொண்ணா பொறட்டி, பூச்சிய கையால எடுத்துட்டேன். பன்னண்டு நாள் ஆச்சி. பாப்பாவும் கூட உக்காந்துகினு எடுத்துது. அதனால அது கையில கட்டி இருந்தத அவுத்து வெச்சிட்டேன். சோப்பு போட்டு கைய கழுவினப்பறம்தான் எலைய தொட வுட்டேன். மூட்டைய பஸ்ஸுல ஏத்திட்டு வந்து திரும்ப கட்டிடறேன். நீ ஒண்ணும் பயப்படாத.'

எங்கள் ஊரில் பிள்ளையின் கையிலிருந்து அதைக் கழற்றவே மாட்டார்கள். கண்ணேறு படும், காத்து கருப்பு அண்டும் என்பார்கள். அவருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. இருந்தும் என் வண்டுகளுக்காகப் பன்னிரண்டு நாள் தன் பிள்ளையை வெறுங்கையோடு வைத்திருக்கிறார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்தேன்.

தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். காய்ந்த இலை வாசனை. சாக்கு வாசனை. கொஞ்சம் மண். அவள் விரல் பட்ட இலைகள்தான் எல்லாம். அடியிலிருந்து கை நிறைய அள்ளி முகத்தில் வைத்துப் பார்த்தேன். பவி இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்ட இலைதான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

துடைப்பத்தோடு வந்த நாகம்மா வாசலில் நின்று பார்த்தார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்து, "ஈசாரி பில்ல ராலேதா தல்லி?" என்று கேட்டார். இந்தத் தடவை பிள்ளை வரவில்லையா அம்மா என்று கேட்டார்.

அந்த இலையில் சாறு இறக்கிப் பயறில் பூசி வண்டுகளை விட்டேன். மறுநாள் மூடியைத் திறந்தபோது பத்தும் நடந்துகொண்டிருந்தன. பிரஷ்ஷால் தட்டினால் செத்தது போல நடித்துவிட்டு எழுந்து போயின. நோட்டில் தேதி போட்டு, செத்தவை என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். பத்து மாதமும் ஏறக்குறைய அதைத்தான் எழுதினேன்.

மேடம் கொட்டச் சொன்ன பழைய சாற்றில் ஒரே ஒரு சின்னப் புட்டியை மட்டும் நான் கொட்டவில்லை. அவருக்கு இது இன்றுவரை தெரியாது. ஹாஸ்டல் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். திறக்கத் திறக்க வாசனை போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பத்து மாதமும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதைத் திறந்தேன்.